வானொலிப் பாடமும் தோட்டத்துச் சங்கும்

மதிப்புக்குரிய ஐயா, அம்மா,

சென்ற வெள்ளிக்கிழமை பூசை முடிந்து நாம் கோயில் மண்டபத்தில் கூடியிருந்தபோது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் கைப்பேசிகளை வாங்கி வைத்துவிடுவது என்று ஒரு தீர்மானம் முன்வைக்கப்பட்டது. என் வயதை ஒத்த நீங்கள் அனைவரும் கை உயர்த்தினீர்கள். என் கை மடியிலேயே இருந்தது. "ஏங்கம்மா, நாம என்ன போன வச்சா படிச்சோம்?" என்று தோட்டத் தலைவர் ஐயா கேட்டதும் மண்டபம் முழுவதும் சிரித்தது. சிரிப்புக்கு நடுவே பதில் சொல்லிப் பழக்கமில்லாதவள் நான். ஆகையால் எழுதுகிறேன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கடையில் பருப்பும் மிளகாயும் சுற்றித் தந்த பத்திரிகைத் தாள்களை வாசித்து வாசித்தே இந்த நடையைக் கற்றுக்கொண்டேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கருத்தில் பிழை இருந்தால் பொறுக்க வேண்டாம், வீட்டுக்கு வந்து முகத்துக்கு நேரே சொல்லுங்கள்.

தலைவர் ஐயாவின் கேள்விக்கு என் விடை இதுதான். ஆம், நான் ஒரு கருவி வைத்துத்தான் படித்தேன். அந்தக் கருவியை எங்களிடமிருந்து எடுத்துவிட வேண்டும் என்று இதே கோயிலடியில் கூடி முடிவு செய்தவர்கள் நம் தாய் தந்தையர். உங்களில் பலர் அன்று தோட்டத்தின் மேற்பிரிவில் குடியிருந்தீர்கள். எங்கள் கீழ்ப்பிரிவில் நடந்தது உங்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

கீழ்ப்பிரிவுப் பள்ளிக்கூடம் ஒரே அறை. தகரக் கூரை. மழை பிடித்துக்கொண்டால் வாத்தியாரின் வாய் அசைவது மட்டும் தெரியும், சொல் கேட்காது. ஐந்து வகுப்புகளுக்கும் அவர் ஒருவரே. பழைய வாத்தியார் போய், ஹட்டன் நகரிலிருந்து புதிதாகக் கல்யாணமான ஓர் இளைஞர் வந்திருந்தார். அவருடைய மாமனார் சீராகக் கொடுத்த வானொலிப் பெட்டி ஒன்றும் கூடவே வந்தது. துளைகள் போட்ட பழுப்புத் தோல் உறை, இழுத்தால் நீளும் வெள்ளிக் கம்பி, தொட்டால் சில்லென்றிருக்கும் திருகு. அதைத் திறந்ததும் எழும் புதுத்தோலின் மணம், எங்கள் புகைக் கம்பளிகளின் மணத்துக்கு நடுவே, வேறு ஏதோ நாட்டிலிருந்து வந்ததுபோல் இருந்தது.

"எனக்குச் சீர் குடுத்தாங்களா, இந்தப் பள்ளிக்கூடத்துக்குச் சீர் குடுத்தாங்களான்னு எங்க அப்பாகிட்டத்தான் கேக்கணும்" என்று வாத்தியாரின் மனைவி ஜன்னலருகே நின்று சத்தமாகச் சொல்வார். வாத்தியார் காது கேளாதவர்போல் பெட்டியை மேசைமேல் வைத்துத் துடைப்பார். அப்பொழுது கொழும்பு வானொலியில் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பாடங்கள் ஒலிபரப்பினார்கள். அதற்காகத்தான் அவர் அதை வகுப்புக்குக் கொண்டுவந்தார்.

பாடம் சொன்னவர் ஒரு பெண். முகம் தெரியாது. நாங்கள் அவரை 'ரேடியோ டீச்சர்' என்றோம். ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் அவர், "பிள்ளைகளே, இப்போது உங்கள் முறை. சொல்லுங்கள்" என்பார். பிறகு அமைதி. அந்த அமைதிக்குள் நாங்கள் தகரம் அதிரக் கத்துவோம். அது முடிந்ததும் அவர் குரல் மறுபடி வந்து, "மிகவும் நன்று" என்னும்.

அவருக்கு நாங்கள் பேசுவது கேட்கிறது என்றே வெகுநாள் நம்பினேன். பீலிக்கரையில் முகம் கழுவும்போதுகூட அவர் கேட்டால் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்ப்பேன். ஒருநாள் கடைசி வாங்கில் இருந்தவன், "ஏழும் எட்டும் எவ்வளவு?" என்ற கேள்விக்கு, "ஒங்க மூக்கு!" என்று கத்தினான். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். "மிகவும் நன்று" என்றார் ரேடியோ டீச்சர். வாத்தியாரே சிரிப்பை அடக்க முடியாமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இதைக் கேட்டு நீங்கள், "பார்த்தீர்களா, கருவிக்குச் சரியும் தெரியாது, பிழையும் தெரியாது" என்பீர்கள். தெரியாதுதான். ஆனால் ஒன்றைச் சொல்கிறேன். பழைய வாத்தியாரின் பிரம்பு, கங்காணியின் ஏச்சு, வீட்டில் அடுப்படித் திட்டு, இவற்றைத் தவிர வேறெதையும் கேட்டிராத காதில் முதன்முதலாக விழுந்த 'நன்று' அது. அதைக் கேட்பதற்காகவே நான் ஏழையும் எட்டையும் சரியாகக் கூட்டக் கற்றுக்கொண்டேன்.

பெட்டியின் குரல் மெலிந்தால் வாத்தியார் மின்கலங்களைக் கழற்றி எங்களில் ஒருவரிடம் கொடுப்பார். வீட்டுக்குக் கொண்டுபோய் அடுப்பு விளிம்பில் வைத்துச் சூடாக்கிக் கொண்டுவந்தால் இன்னும் சில நாள் பேசும். அந்தப் பொறுப்பு கிடைத்த பிள்ளை அன்று லயத்து வரிசை வீடுகளுக்கு முன்னால் நடக்கும் நடையே வேறு. அதுவும் செத்த பிறகு உடைத்து, உள்ளே இருக்கும் கரிக்குச்சியை எடுத்துச் சிமெந்துத் தரையில் எழுதுவோம். கை, மூக்கு, சட்டை எல்லாம் கறுப்பு. அந்தக் குச்சியை இப்போது எங்கும் காணவில்லை.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன்.

நம் தோட்டத்தில் எல்லாம் தேயிலை அரைக்கும் ஸ்டோரின் சங்குப்படி நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காலை ஆறு மணிச் சங்குக்குப் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா அங்கே வேலை பிரித்துக் கொடுப்பார். பிந்திப் போனால் பேர் விழாது; அன்றைய கூலி இல்லை, வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். மாலையில் வேலை விடுவதற்கோ சங்கு கிடையாது. கடைசிக் கூடைக் கொழுந்து நிறுத்து முடிந்தால்தான் விடுதலை. பள்ளிக்கூட மணியும் சங்கைப் பார்த்துத்தான். வாத்தியாரின் கைக்கடிகாரமும் அப்படித்தான். வேலைக்கு வந்த அன்றே தோட்டத்து நேரத்துக்குத் திருப்பி வைக்கும்படி அலுவலகத்தில் சொன்னார்களாம்.

முதல் நாள் பாடம் பத்து மணிக்கு என்று வாத்தியார் பெட்டியைத் திறந்தார். ஏதோ பாட்டு போனது. திருகைத் திருப்பினார். சிங்களச் செய்தி. மறுபடி திருப்பினார். இரைச்சல். நாங்கள் வாயைத் திறந்தபடி காத்திருந்தோம். ஏறத்தாழ அரைமணி நேரம் கழித்துத்தான் ரேடியோ டீச்சர் வந்தார். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும் அப்படியே.

"கொழும்புல ஏன் சார் தெனமும் லேட்டு?" என்று என் பக்கத்தில் இருந்த பெண்பிள்ளை கேட்டாள். அவள் எதையும் கேட்பவள்.

"அவங்களுக்குப் பெரட்டு இல்லடி, அதான்" என்றான் மூக்குக்காரன்.

வகுப்பு சிரித்தது. வாத்தியார் சிரிக்கவில்லை. அன்று பாடம் தொடங்குமுன் வானொலியில் ஒருவர், "நேரம் பத்து மணி" என்று தெளிவாகச் சொன்னார். கேள்வி கேட்டவள் எழுந்து நின்று வாத்தியாரின் கைக்கடிகாரத்தைச் சுட்டினாள். "ஒங்க மணிக்கூட்டுல பத்தர சார்."

"ஒக்காரு. பாடத்தக் கவனி" என்றார் அவர். அவருடைய காது சிவந்ததை நான் பார்த்தேன்.

வீட்டில் வந்து சொன்னேன். அப்பா கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்கள் எல்லோரும் அன்று நம்பிய விளக்கத்தையே அவரும் சொன்னார். கங்காணிகள் வழிவழியாகச் சொல்லி வந்தது அது. "நம்ம மல ஒசரம்மா. சூரியன் கீழ வர்றதுக்கு முந்தி இங்க வந்துருது. அதனால நமக்கு நேரமும் முந்தி. கொழும்பு பள்ளத்துல கெடக்கு, அங்க மெதுவாத்தான் விடியும்."

இதைப் படித்து நகைக்காதீர்கள். கைக்கடிகாரம் கட்டாதவர்களுக்கு, வெளியூர் போகாதவர்களுக்கு, கண்ணால் காணும் மலையும் சூரியனும் சாட்சி சொன்ன விளக்கம் அது. எனக்கும் அது முழு நியாயமாகத்தான் பட்டது.

அந்தச் சம்பளக் கிழமையில் அப்பாவுடன் அக்கரப்பத்தனைக் கடைவீதிக்குப் போனேன். நாம் வழக்கமாகச் சாமான் வாங்கும் முஸ்லிம் நானாவின் கடையில் ஒரு சுவர்க்கடிகாரம் ஆடிக்கொண்டிருந்தது. அவர் சீனி நிறுத்துக்கொண்டிருந்தபோது கேட்டேன். "நானா, நீங்க சாமானுக்கு நுவரெலியா போவீங்கதானே? அங்க நம்மளவிட நேரம் முந்தியா?"

"என்ன புள்ள கேக்குற?"

மலை உயர்ந்தால் நேரம் முந்தும் என்பதை நான் விளக்கினேன். நானா தராசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். வெற்றிலைச் சாறு தெறித்தது. "நுவரெலியா ஒங்க தோட்டத்தவிட ஒசரம். அங்கயும் கொழும்பு மணிதான், இங்கயும் கொழும்பு மணிதான். ஒங்க தோட்டத்துக்கு மட்டும் அல்லாஹ் தனியா ஒரு சூரியன் படைச்சானா?"

அப்பா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். வழி நெடுக எனக்கு முன்னால் வேகமாக நடந்தார். கோபமா வெட்கமா என்று அன்று எனக்குப் புரியவில்லை. லயத்தை அடைந்தபோது, "இத யார்கிட்டயும் சொல்லாத" என்றார்.

நான் சின்னம்மாவிடம் சொன்னேன்.

என் தாயின் தங்கை. அந்த வருடம் கைக்குழந்தைக்காரி. குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்ட பிறகே பெரட்டுக்கு ஓட முடியும். பிள்ளைக்காம்பராக் கதவைத் திறப்பதோ வெளிச்சம் வந்த பிறகு; அதற்குள் சங்கு ஊதிவிடும். ஆகவே எவ்வளவு ஓடினாலும் பிந்தும். வாரத்தில் பல நாள் கண்டாக்கு ஐயா அவரை விரட்டிவிடுவார். படங்குச் சாக்கு இடுப்பில், வெறுங்கூடை தலையில், பால் கட்டிய மார்போடு அவர் திரும்பி வருவதை நான் எத்தனையோ காலையில் கண்டிருக்கிறேன். எல்லோரும் அவரைச் 'சோம்பேறி' என்றார்கள். என் தாயும் சொன்னார்.

மறுநாள் விடியலில் சின்னம்மா குழந்தையைத் தோளில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு வாத்தியார் குவாட்டர்ஸ் வாசலில் போய் நின்றார். மூடுபனி முழங்கால் வரை கிடந்தது. சங்கு ஊதியது. உள்ளே பெட்டி திறந்திருந்தது. அதில் வெறும் இரைச்சல். நிலையம் இன்னும் தொடங்கவே இல்லை. நாங்கள் நின்றோம். குழந்தை பால் குடித்து முடித்து உறங்கியது. பிறகுதான் வானொலியில் இசை எழுந்தது, பக்திப் பாட்டு வந்தது, "நேரம் ஆறு மணி" என்ற குரல் வந்தது.

சின்னம்மா குழந்தையைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக் களத்துக்கு நடந்தார். நான் பின்னால் ஓடினேன். அங்கே வேலை பிரித்து முடிந்துவிட்டது.

"வந்துட்டாங்க மகாராணி" என்றார் கண்டாக்கு ஐயா. "வீட்டுக்குப் போ. மணி ஆறரை."

"ஆறுதாங்க ஐயா."

"என்னா?"

"ரேடியோவுல இப்பத்தான் ஆறு அடிச்சிச்சிங்க. நான் நேரத்துக்கு வந்துருக்கேன். ஐயாதான் முந்தி வந்துட்டீங்க."

பெண்கள் கம்பளிக்குள் சிரித்த சிரிப்பு தேயிலைச் செடிகளுக்குள் காற்று போவதுபோல் வரிசையாகப் போயிற்று. கண்டாக்கு ஐயாவின் முகத்தில் அதுவரை நான் காணாத ஒன்று தோன்றியது. சங்கு முந்தி ஊதுவது அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அன்று அவர் பேர் போடவில்லை. சின்னம்மா திரும்பி வந்தார், ஆனால் வெறுங்கூடையைத் தலையில் போடாமல் கையில் வீசிக்கொண்டு வந்தார்.

மறுநாள் விடியலில் வாத்தியார் பெட்டியைப் பள்ளிக்கூட ஜன்னல் கட்டையில் தெருப்பக்கமாக வைத்து, திருகை முழுவதும் திருப்பியிருந்தார். யாரும் கேட்காமல் தாமாகவே செய்தார். பள்ளிக்கூடப் படியில் சின்னம்மாவோடு இன்னும் சில பெண்கள் அமர்ந்திருந்தார்கள். அதற்கடுத்த நாள் படி கொள்ளவில்லை. சங்கு ஊதும்; ஒருவரும் எழ மாட்டார்கள். சாயத்தண்ணியை ஊதி ஊதிக் குடிப்பார்கள். வானொலி ஆறு சொன்னதும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். கண்டாக்கு ஐயாவால் ஒருத்தியை விரட்ட முடிந்தது. ஒரு கொழுந்துக் கூட்டம் முழுவதையும் விரட்டினால் ஸ்டோருக்குக் கொழுந்து எங்கிருந்து வரும்?

அந்த நாட்களில்தான் நானும் அதிகம் படித்தேன். வாத்தியார் கைக்கடிகாரத்தைக் கொழும்பு நேரத்துக்கு மாற்றினார். பாடம் குறித்த வேளையில் வந்தது. ரேடியோ டீச்சர் ஆங்கில எழுத்துகளைத் தொடங்கியிருந்தார். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை ஹட்டன் பள்ளிக்கூடத்துக்குச் சோதனை எழுத அனுப்பப் போவதாக வாத்தியார் சொன்னார். எங்கள் கீழ்ப்பிரிவிலிருந்து அதுவரை ஒருவரும் போனதில்லை. "நீயும் அவளும் எழுதுங்க" என்று, கேள்வி கேட்பவளையும் என்னையும் காட்டினார். அன்று மாலை இருவரும் மேடேறி, தூரத்தில் ஹட்டனுக்குப் போகும் வழியையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பிறகு தோட்டத்துத் துரையிடமிருந்து சொல் வந்தது. அதைக் கோயிலடியில் கூட்டம் போட்டு அன்றைய தலைவர் விளக்கினார். அவர் கெட்டவர் அல்லர். எல்லோரும் மதித்தவர்.

"தொரை நல்லவிதமாத்தான் பேசுறாரு. சங்கு ஊதுறத நேர் பண்ணிக் குடுக்குறேங்குறாரு. இதுவரைக்கும் நடந்ததப் பத்தி நாமளும் பேசக்கூடாது, அவங்களும் பேச மாட்டாங்க. ஒரே ஒரு நிபந்தன. அந்தப் பாட்டுப் பெட்டி பள்ளிக்கூடத்துல இருக்கக் கூடாது. புள்ளைங்க கெட்டுப் போகுதாம்."

பாட்டுப் பெட்டி. பெரியவர்கள் அதை அப்படித்தான் அழைத்தார்கள். அதற்குள் பாடம் இருந்ததை அவர்கள் அறியவில்லை. அறிந்துகொள்ள ஒருவரும் வகுப்புக்குள் வந்ததுமில்லை.

"பெட்டிய ஏன் எடுக்கணுங்குறாங்க?" என்று சின்னம்மா கேட்டார். "சங்கு நேராயிருச்சின்னா பெட்டி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன?"

"ஒனக்கு எல்லாத்துலயும் ஒரு கேள்வி."

"இல்லீங்க தலைவரே. நாளைக்கு சங்கு மறுபடி முந்திச்சின்னா எதக் கொண்டு கண்டுபுடிப்பீங்க? கோழி கூவுறத வச்சா?"

ஆண்கள் சிரித்தார்கள். என் அப்பாவும் எழுந்து பேசினார். "பொம்பளைங்களுக்கு அரமணி நேரம் தூக்கம் கெடைக்கிது. ஒரு பாட்டுப் பெட்டிக்காக அத விடுறதா? புள்ளைங்க பாட்டுக் கேக்காட்டி செத்தா போயிருவாங்க?" அவர் பேசிய பிறகு கைகள் உயர்ந்தன. என் தாயின் கையும் உயர்ந்தது. நாங்கள் பிள்ளைகள் கோயில் மதிலுக்கு வெளியே நின்று பார்த்தோம். எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

நியாயத்தைச் சொல்ல வேண்டும். சங்கு நேராயிற்று. அந்த வாரம் முழுவதும் என் தாய் அவசரமில்லாமல் ரொட்டி தட்டினார். பெரட்டுக்குச் சின்னம்மா ஒருமுறைகூடப் பிந்தவில்லை. அந்த அரைமணி உண்மையானது; அதன் அருமை எனக்குத் தெரியும், பிற்பாடு நாற்பது வருடத்துக்கு மேல் நானும் அதே களத்தில் நின்றவள். அவர்கள் தூக்கத்தை விரும்பியது பிழையில்லை. தமக்கு உரியதைப் பெற்றுக்கொள்ளத் தம் பிள்ளைகளுக்கு உரியதை விலையாகக் கொடுத்ததுதான் பிழை. திருடிய அரைமணியைத் திருப்பிக் கொடுக்கத் திருடியவர் நிபந்தனை போடுகிறார், நாம் கைதட்டி வாங்கிக்கொள்கிறோம். இதுவா ஒப்பந்தம்?

வாத்தியாருக்குச் சம்பளம் தந்தது தோட்டம். பெட்டியைத் தோல் உறைக்குள் போட்டு ஹட்டனுக்குக் கொண்டுபோய் மாமனார் வீட்டில் வைத்துவிட்டு வந்தார். மறுநாள் பத்து மணிக்கு அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எதையோ எழுதிக்கொண்டிருந்தார். கேள்வி கேட்பவள் திடீரென்று எழுந்து, ரேடியோ டீச்சரின் குரலிலேயே, "பிள்ளைகளே, இப்போது உங்கள் முறை. சொல்லுங்கள்" என்றாள். நாங்கள் வாய்ப்பாட்டை முழுவதும் கத்திச் சொன்னோம். தகரம் அதிர்ந்தது. முடிந்ததும் வாத்தியாரின் கை கரும்பலகையிலேயே நின்றது. திரும்பாமலே, "நன்று" என்றார்.

அந்த வருட முடிவில் அவர் மாற்றலாகிப் போனார். சோதனைக்கு எங்களை அழைத்துப்போக ஆள் இல்லை. கேள்வி கேட்பவள் நுவரெலியாவில் ஒரு வீட்டு வேலைக்குப் போனாள். நான் பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டினேன், பிறகு கூடை எடுத்தேன்.

சங்கோ, சில மாதம் ஒழுங்காக ஊதியது. பிறகு எந்தக் காலையில் என்று ஒருவராலும் சொல்ல முடியாதபடி, இம்மியிம்மியாக முந்தத் தொடங்கியது. "முந்திதாங்க ஊதுறாங்க" என்று சின்னம்மா களத்தில் நின்று சொன்னார். "எதக் கொண்டு சொல்ற?" என்று கண்டாக்கு ஐயா கேட்டார். சின்னம்மாவின் கையில் எதுவும் இல்லை. கோயிலடியில் உயர்ந்த கைகள் அத்தனையும் அங்கே நின்றன, ஒன்றும் உதவவில்லை.

பல வருடங்களுக்குப் பிறகு, லயத்துக்கு லயம் சிறு வானொலிகள் வந்தபோதுதான் சங்கு நிரந்தரமாக நேராயிற்று. துரை மனம் மாறியதால் அது நேராகவில்லை. நேரம் சொல்லும் பெட்டி ஒவ்வொரு வீட்டு வாசல் இஸ்தோப்பிலும் தொங்கியதால் நேராயிற்று. அரைமணி எங்களுக்குத் திரும்பி வந்தது. ஹட்டன் பள்ளிக்கூடம் திரும்பி வரவில்லை.

ஐயா, அம்மா, இனி நம் தீர்மானத்துக்கு வருகிறேன்.

ஹட்டனில் இருக்கும் ஓர் ஆசிரியை கைப்பேசி வழியாக நம் பிள்ளைகளுக்குக் கணிதம் கற்பிக்கிறார். நம் தோட்டத்தில் மேல்மலைப் பாறையில் ஏறினால்தான் சிக்னல் கிடைக்கும். ஆகவே பாறையில் ஏறுகிறார்கள். ஆண்பிள்ளையும் பெண்பிள்ளையும் ஒன்றாக உட்காருவது மானக்கேடு என்றீர்கள். உங்களில் எத்தனை பேர் பாறைக்கு ஏறிப் பார்த்தீர்கள்? நான் ஏறினேன். முழங்கால் வலியோடு, வழியில் நின்று நின்று ஏறினேன். மழைத்தூற்றலில் ஒரு பிள்ளை குடை பிடிக்க, ஒரு பிள்ளை போனைப் பிடிக்க, மற்றவர்கள் கொப்பியை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள். கணக்கு எனக்குப் புரியவில்லை. ஒருத்தி விடை சொன்னதும் போனிலிருந்து அந்த ஆசிரியை அவளைப் பெயர் சொல்லி அழைத்து, "எப்படி வந்தது, வழியச் சொல்லுங்க" என்றார். பிழையான விடைக்கு, "இல்லம்மா, திரும்பப் பாருங்க" என்றார். அவருக்குக் கேட்கிறது. எங்கள் ரேடியோ டீச்சருக்குக் கேட்கவில்லை. இந்தப் பிள்ளைகள் பேசினால் ஹட்டனுக்குக் கேட்கிறது, அதை நீங்கள் எண்ணிப் பார்த்தீர்களா?

ஆட்டம் பார்க்கிறார்கள், வீண் படம் பார்க்கிறார்கள் என்றீர்கள். பார்க்கிறார்கள். எங்கள் வகுப்பில் 'ஒங்க மூக்கு' என்று கத்தியவன் கெட்டுப் போகவில்லை. உங்கள் கோயில் சங்கத்தில் பொருளாளராக இருந்து சென்ற வருடம்தான் காலமானார். இரவு வேளையில் வீட்டில் போனை வாங்கி வைப்பது பெற்றோரின் கடமை, செய்யுங்கள். பாடம் நடக்கும் வேளையில் வாங்காதீர்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். போனை வாங்கிவிட்டால் பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதையைத் திருத்தித் தருவதாகத் தோட்டத்து அலுவலகம் சொன்னது என்று தலைவர் ஐயா மகிழ்ச்சியோடு அறிவித்தார். பாதை நமக்கு உரியது. அதைத் தனியாகக் கேட்போம். நானும் வந்து கேட்கிறேன். அதற்கு ஏன் பிள்ளைகளின் போனை விலையாகக் கேட்கிறார்கள்? சென்ற மாதம் அந்தப் பிள்ளைகளில் ஒருத்தி, தாயின் சம்பளச் சீட்டைப் போனில் கணக்குப் போட்டுப் பார்த்து அலுவலகத்துக்குப் போய் விளக்கம் கேட்டாள். அதற்கு அடுத்த வாரம்தான் பிள்ளைகள் கெட்டுப் போகிறார்கள் என்ற கவலை அங்கே பிறந்தது.

நம் தாய் தந்தையருக்குப் பெட்டிக்குள் என்ன இருந்தது என்று தெரியாது. நமக்குத் தெரியாதென்று சொல்ல முடியாது. ஆகவே என் கை உயரவில்லை, இனியும் உயராது.

வருகிற திங்கட்கிழமை முதல் போன்களை வாங்க ஆட்களை நியமித்திருக்கிறீர்கள் என்று அறிந்தேன். பிள்ளைகள் பாறைக்கு ஏறும் ஒற்றையடிப் பாதை என் லயத்துக் கோடியைத் தாண்டித்தான் போகிறது. திங்கட்கிழமை பிற்பகல் அந்த இடத்தில் ஒரு நாற்காலி போட்டு நான் உட்கார்ந்திருப்பேன். மழை வந்தாலும் இருப்பேன். வாங்க வருகிறவர்கள் முதலில் என்னிடம் பேசட்டும். என்னைத் தாண்டி மேலே போகும் துணிவு உள்ளவர்கள் போகட்டும். பிள்ளைகளிடமும் சொல்லிவிட்டேன்: பாடம் தொடங்கும் நேரத்துக்குப் பாறையில் இருங்கள், கீழே என்ன சத்தம் கேட்டாலும் இறங்க வேண்டாம்.

தீர்மானத்தைக் கோயில் பெட்டகத்தில் வைக்கும்போது, தயவுசெய்து இந்தக் கடிதத்தையும் அதனுடன் சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள்.